மீட்டர் பொய் சொல்லுமா?

ரேஷன் கடையில் சர்க்கரை நிறுக்கும்போது நம் கண் எங்கே இருக்கும்? தராசு மேலேதான். பெட்ரோல் பங்க்கில் பைப்பைக் கையில் எடுத்ததுமே, "ஜீரோ பார்த்துக்குங்க சார்" என்று அந்தப் பையனே சொல்லிவிடுகிறான். காய்கறிக்காரம்மாவின் எடைக்கல்லைக்கூட ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுகிறோம். காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் ரத்தத்திலேயே ஊறிய விஷயம். அதில் தப்பே இல்லை!

ஆனால், ஒரே ஒரு சரக்கை மட்டும் கண்ணால் பார்க்காமல், கையால் தொடாமல் (தொட்டால் தூக்கி எறிந்துவிடும்!), எடை போடும்போது பக்கத்தில் நிற்காமல், வருஷக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருக்கிறோம். மின்சாரம்! அதற்கான தராசு நம் வீட்டு வாசலிலேயேதான் மாட்டியிருக்கிறது. அதற்கு சீல் வைத்திருப்பவர் யார்? விற்கிறவர். உடைத்துத் திறந்து பார்த்தால் கேஸ் யார் மேல்? வாங்குகிற நம் மேல். கொஞ்சம் விசித்திரமான வியாபாரம்தான், இல்லையா?

அதனால்தான், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில் திடீரென்று எகிறிவிட்டால், நம் வாயிலிருந்து வரும் முதல் வசனம், "மீட்டர்ல ஏதோ கோளாறு!" ஆட்டோ மீட்டருக்குச் 'சூடு' வைத்த கதைகளை எல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வீட்டு மீட்டர் மட்டும் அரிச்சந்திரனா என்ன?

இந்தச் சந்தேகத்துக்கு வயது 140-க்கும் மேல். வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் மின்சாரம் விற்க ஆரம்பித்த காலத்திலேயே அதுவும் பிறந்துவிட்டது. "உங்க மீட்டர் சரியில்லை" என்று அப்போது குரல் எழுப்பிய வாடிக்கையாளர் சாதாரண ஆசாமி இல்லை. பெயர், ஜே.பி.மார்கன். அமெரிக்காவின் மாபெரும் வங்கி முதலாளி. அவர் சந்தேகப்பட்டது, தாமஸ் ஆல்வா எடிசனின் மீட்டரை! அந்தப் பஞ்சாயத்து எப்படி முடிந்தது என்பது இன்றைக்கும் நமக்குப் பாடம். அதற்கு முன்னால், எடிசனுக்கு முந்தைய மீட்டர் ஒன்றைப் பார்த்துவிடலாம்.

*

19-ம் நூற்றாண்டின் தொடக்கம். லண்டனில் நிலக்கரி வாயுவைக் குழாய் வழியே அனுப்பி விளக்கு எரிக்க ஆரம்பித்தார்கள். 1812-ல் அதற்கென்று ஒரு பெரிய கம்பெனியே வந்தது. மீட்டர் கிடையாது. "உங்க கடையில இத்தனை விளக்கு, தினம் இத்தனை மணி நேரம் எரியும், வருஷத்துக்கு இவ்வளவு பணம்" என்று ஒப்பந்தம். எட்டு மணிக்கு அணைக்க வேண்டிய விளக்கைப் பத்து மணி வரை எரியவிட்டால் யார் கேட்பது? கம்பெனிக்கு நஷ்டம். அதனால் சாமுவேல் க்ளெக் என்ற இன்ஜினீயர், வாயுவை அளக்கும் மீட்டரை உருவாக்கினார்.

இதைக் கவனியுங்கள்... மீட்டர் என்பது வாடிக்கையாளர் ஏமாற்றக் கூடாது என்பதற்காகப் பிறந்த கருவி. ஆனால், அது வந்த கையோடு சந்தேகம் இந்தப் பக்கம் தாவிவிட்டது. 'இப்போது கம்பெனி நம்மை ஏமாற்றுகிறதோ?' 'கேஸ் மீட்டர் மாதிரி பொய் சொல்றான்' என்று அமெரிக்காவில் கிண்டலாகப் பேசும் அளவுக்கு அதன் பெயர் கெட்டுக் கிடந்தது.

1859-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் குறுக்கே புகுந்தது. கேஸ் மீட்டர்களை அரசு ஆய்வாளர் சோதித்து முத்திரை குத்த வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். எந்த மீட்டரும் நூற்றுக்கு நூறு துல்லியமாக இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால், எவ்வளவு தவறு செய்யலாம் என்பதற்கும் எல்லை வகுத்தார்கள். கூடுதலாகக் காட்டினால் 2 சதவிகிதம் வரை மன்னிப்பு. குறைவாகக் காட்டினால் 3 சதவிகிதம் வரை மன்னிப்பு. அதாவது, தப்பு நடந்தால் அது வாங்குகிறவர் பக்கம் ஒரு மில்லிமீட்டராவது சாய்ந்திருக்கட்டும் என்று ஏற்பாடு! தராசு விற்கிறவர் கையில் இருக்கும்போது, மூன்றாவது ஆள் ஒருவர் வந்து பார்த்தாக வேண்டும் என்ற எண்ணம் இப்படிச் சட்டத்தில் ஏறியது.

*

இனி எடிசன். 1882, செப்டம்பர் 4. நியூயார்க்கின் பேர்ல் தெருவில் இருந்த அவரது மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அன்று எரிந்தவை சுமார் 400 விளக்குகள். அதில் ஒரு பகுதி, வால் தெருவில் இருந்த மார்கனின் வங்கி அலுவலகத்தில். எடிசன் அங்கே இருந்துதான் முதல் ஸ்விட்ச்சைப் போட்டார். காரணம் இருக்கிறது. எடிசனின் மின்விளக்கு கம்பெனிக்குப் பணம் போட்டவர்களில் மார்கனின் நிறுவனமும் ஒன்று!

ஆரம்பத்தில் பல மாதங்கள் பில் போடுவதிலேயே அக்கறை காட்டவில்லை. 'நிலையம் வெடிக்காமல் ஓடுகிறதா' என்பதே அப்போதைய கவலை. ஆனால், அளப்பதற்கு ஒரு மீட்டர் மட்டும் தயாராக இருந்தது. எப்படிப்பட்ட மீட்டர் தெரியுமா? முள் இல்லை. எண் இல்லை. சுற்றும் தகடு இல்லை. ஒரு பெட்டிக்குள் இரண்டு கண்ணாடிக் குடுவைகள்... ஊறுகாய் பாட்டில் மாதிரி! உள்ளே ஒரு ரசாயனக் கரைசல். அதில் மூழ்கிய துத்தநாகத் தகடுகள்.

மின்சாரம் கரைசல் வழியே போகும்போது ஒரு தகட்டிலிருந்து உலோகம் கரைந்து இன்னொரு தகட்டில் போய்ப் படியும். எவ்வளவு மின்சாரமோ, அவ்வளவு உலோகம். இது 1830-களிலேயே மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதி. எடிசன் செய்தது, வீட்டுக்குப் போகும் மின்சாரத்தில் மிகச் சிறிய பங்கை மட்டும் இந்தக் குடுவைக்குள் திருப்பிவிட்டது. மாதம் முடிந்ததும் கம்பெனி ஆள் வருவார். தகடுகளை எடுத்துக்கொண்டு போவார். அங்கே நகைக்கடைத் தராசு போன்ற நுட்பமான தராசில் வைத்து எடை பார்ப்பார்கள். எடை எவ்வளவு மாறியிருக்கிறதோ, அதற்கு ஏற்ப பில்!

அறிவியல் பிரமாதம். ஆனால், வாடிக்கையாளர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கேஸ் மீட்டரிலாவது முள் இருந்தது. இங்கே பெட்டியைத் திறந்து பார்த்தாலும் ஒன்றும் புரியாது. தகட்டை எடுத்துக்கொண்டு போகிறவரும் கம்பெனி ஆள். எடை போடுகிறவரும் கம்பெனி ஆள். பில் எழுதுகிறவரும் அவர்தான். 'நம்பினால் நம்பு!'

இதில் கூத்து வேறு. நியூயார்க் குளிரில் குடுவைக்குள் இருக்கும் கரைசல் உறைந்துவிட்டால் மீட்டர் அவுட். எடிசன் அதற்கும் வழி செய்து வைத்திருந்தார். குளிர் அதிகமானால் உள்ளே இருக்கும் ஓர் உலோகப் பட்டை சுருங்கி, மீட்டர் பெட்டிக்குள்ளேயே ஒரு பல்பை எரியவிடும். அந்தச் சூட்டில் கரைசல் உறையாது. அருமையான ஐடியா... ஒரே ஒரு குறை, இதை வாடிக்கையாளர்கள் பலருக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள்! முதல் கடுங்குளிர் நாளில் ஆபீஸ்காரர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். "மீட்டர் தீப்பிடிச்சிடுச்சு!" சில பேர் தண்ணீரையே எடுத்து ஊற்றிவிட்டார்களாம். இதைப் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொன்னவர் எடிசனேதான்.

*

இந்தக் குடுவை மீட்டரைத்தான் மார்கன் நம்பவில்லை. தன் பணமும் புழங்கும் கம்பெனி ஆயிற்றே என்று அவர் சும்மா இருக்கவில்லை. வங்கிக்காரர் புத்தி! 'கணக்கு என்றால் கணக்கு' என்று ஒரு பரீட்சை ஏற்பாடானது. 1910-ல் வெளிவந்த எடிசனின் வாழ்க்கை வரலாற்றில் இது விவரமாகப் பதிவாகியிருக்கிறது.

பரீட்சை இதுதான். வங்கி அலுவலகத்தில் ஒவ்வொரு விளக்குக் கொத்திலும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். விளக்கைப் போடும்போதும் அணைக்கும்போதும் நேரத்தை அதில் குறிக்க வேண்டும். மாதக் கடைசியில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்து அத்தனை அட்டைகளையும் கூட்டினார். இத்தனை விளக்கு, இத்தனை மணி நேரம், ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு காசு... ஆக மொத்தம் இவ்வளவு. இதைக் கம்பெனி பில்லோடு ஒப்பிட்டார்கள்.

பில் தொகை அதிகம்!

மார்கனுக்கு ஏக குஷி. "பார்த்தீரா... நான் அப்பவே நினைச்சேன்!" என்கிற மாதிரி ஒரு வெற்றிப் பெருமிதம். எடிசன் அசரவில்லை. "இன்னொரு மாசம் பார்க்கலாம்" என்றார். அடுத்த மாதமும் ஏறக்குறைய அதே கதை. எடிசனுக்கு லேசாக உதைத்தது. ஆனாலும் மீட்டர் மேல் அவருக்கு நம்பிக்கை. எங்கேயோ தப்பு நடக்கிறது என்று தானே கிளம்பி மார்கன் அலுவலகத்துக்கு வந்தார். அங்கும் இங்கும் சுற்றிப் பார்த்தார். பிறகு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த ஆபீஸை எப்போது பெருக்கிச் சுத்தம் செய்கிறீர்கள்?"

ராத்திரியில் என்றார்கள். சுத்தம் செய்கிற ஆளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எந்த வெளிச்சத்தில் வேலை பார்க்கிறாய்? நடுவில் தொங்கும் பெரிய கொத்தைப் போட்டுக்கொள்வேன் என்றார் அவர். அதில் சுமார் பத்து விளக்குகள். அட்டையில் எழுதினாயா? இல்லை... அவரிடம் யாரும் அதைப் பற்றிச் சொல்லவே இல்லை!

வங்கியில் இருந்த அத்தனை கனவான்களும் அட்டையில் குறித்தார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு வந்து வேலை பார்த்த மனிதர் மட்டும் யார் கணக்கிலும் வரவில்லை. மீட்டர் கணக்கில் வந்துவிட்டார்!

மூன்றாவது மாதம் அவரும் அட்டையில் எழுதினார். இந்த முறை அட்டைக் கணக்குக்கும் பில்லுக்கும் சில சென்ட்கள்தான் வித்தியாசம். மார்கன் முழுத் திருப்தி.

இந்தக் கதையை 'மீட்டர்தான் எப்போதும் சரி' என்று கம்பெனிக்காரர்கள் கொண்டாடலாம். ஆனால், சரியாகப் பார்த்தால் இதில் ஜெயித்தது பரீட்சைதான். மார்கன் சந்தேகப்பட்டதோடு நிற்காமல் அளந்து பார்த்தார். எடிசனும் "நீ யார் கேட்க?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நேரில் வந்து தேடினார். ஒரு சின்ன சந்தேகம் கேட்க ஈ.பி. ஆபீஸில் இன்று நாம் ஏறி இறங்கும் படிகளை நினைத்தால், எடிசன் மேல் மரியாதை இன்னும் கூடுகிறது!

*

குடுவை மீட்டர் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. அது ஒரே திசையில் பாயும் மின்சாரத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும். ஏ.சி. எனப்படும் மாறுதிசை மின்சாரம் களத்துக்கு வந்ததும், போன உலோகம் உடனே திரும்பி வந்துவிட... கணக்கு பூஜ்யம்!

புதிய மீட்டருக்காகப் பல நாடுகளில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பெர்லினில் ஹெர்மன் ஆரோன், பெண்டுலக் கடிகாரத்தை வைத்து ஒரு மீட்டர் செய்தார். அமெரிக்காவில் எலிஹு தாம்ஸன், குட்டி மோட்டார் மாதிரி சுழலும் மீட்டர் செய்தார். 1890-ல் பாரிஸ் நகரம் நடத்திய போட்டியில் இரண்டு பேரும் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இன்னொரு பக்கம், 1888-ல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் ஆலிவர் ஷாலன்பெர்கர் என்ற இன்ஜினீயர், புது மாடல் விளக்கு ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். உள்ளே ஒரு குட்டி ஸ்பிரிங் கழன்று விழுந்தது. எடுத்துப் போடப் போனவர், அப்படியே நின்றார். அந்த ஸ்பிரிங் தானாக மெள்ளச் சுற்றிக்கொண்டிருந்தது! மாறுதிசை மின்சாரம் உண்டாக்கும் காந்தப் புலம் அதைச் சுழற்றுகிறது என்று அவருக்குப் பொறி தட்டியது. சில வாரங்களிலேயே மீட்டர் ரெடி. 1889-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில், ஒட்டோ ப்ளாத்தி இதே வழியில் போய், பிற்காலத்தில் உலகம் முழுக்கப் பரவிய சுழல் தகடு மீட்டருக்கு அடித்தளம் போட்டார். அந்த ஆரம்பகால மீட்டரின் எடை என்ன தெரியுமா? 23 கிலோ! பாதி மூட்டை அரிசியைச் சுவரில் மாட்டிய மாதிரி.

நம் வீடுகளில் வருஷக்கணக்கில் சுற்றிய அலுமினியத் தகடு அந்த வம்சம்தான். கறுப்புப் பெட்டி, கண்ணாடி ஜன்னல், உள்ளே சிவப்புப் புள்ளி வைத்த தகடு. ஞாபகம் இருக்கிறதா? அதில் இரண்டு சுருள்கள். ஒன்று வோல்டேஜைக் கவனிக்கும், மற்றொன்று மின்னோட்டத்தைக் கவனிக்கும். இரண்டும் சேர்ந்து தகட்டைத் தள்ளும். ஒரு நிலைக்காந்தம் பின்னாலிருந்து பிரேக் பிடிக்கும். தள்ளுவதும் பிடிப்பதும் சமமாகும் வேகத்தில் தகடு சுற்றும்.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ரகசியம் ஒன்று உண்டு. வயதானால் தகடு மீட்டர் பெரும்பாலும் எந்தப் பக்கம் தப்பு செய்யும்? தூசு சேரும், தாங்கி தேயும், உராய்வு கூடும்... மெதுவாகச் சுற்றும். அதாவது, நமக்கு லாபம்! பிரேக் காந்தம் பலவீனமானால் வேகமாகவும் ஓடலாம்; ஆனால் அது அபூர்வம். இந்த ரகசியத்தை நினைவில் வையுங்கள். பின்னால் உபயோகப்படும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இந்த மீட்டர்களுக்கு முகம் இருந்தது. எண்கள் இருந்தன. போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று வீட்டுக்காரரே கழித்துப் பார்க்கலாம். குடுவைக் காலத்தில் இல்லாத உரிமை அது. நம்மூரில் மீட்டர் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கிய வெள்ளை அட்டை இருக்கிறதே, ஈ.பி. கார்டு... கணக்கெடுப்பவர் தன் கையெழுத்தில் ரீடிங்கை எழுதிவிட்டுப் போவாரே... அதுவும் இந்த உரிமையின் சின்னம்தான். மார்கனின் விளக்குகளில் தொங்கிய அட்டைக்கு அது தூரத்துச் சொந்தம்.

*

நாம் வாய்க்கு வாய் 'யூனிட்' என்கிறோமே, அது எங்கிருந்து வந்தது? விஞ்ஞானிகள் சொல்வது கிலோவாட் மணி. 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகிற செலவு. பிரிட்டனில் வர்த்தக வாரியம் இதை விற்பனை அளவாக நிர்ணயித்தது. 'போர்டு ஆஃப் டிரேட் யூனிட்' என்று பெயர். வால் அறுந்து வெறும் 'யூனிட்' ஆகி, கப்பலேறி நம்மூர் வந்துவிட்டது.

1899-ல் கல்கத்தாவில் மின் விநியோகம் ஆரம்பித்தது. சில வருஷங்களில் சென்னைக்கும் வந்தது. கூடவே சட்டமும் வந்தது. 1910-ம் வருஷத்து இந்திய மின்சாரச் சட்டம், 'சரியான மீட்டர்' மூலம்தான் மின்சாரத்தை அளக்க வேண்டும் என்றது. "சரியில்லை" என்று தகராறு வந்தால்? கம்பெனியும் தீர்ப்பு சொல்லக் கூடாது, வீட்டுக்காரரும் சொல்லக் கூடாது. அரசின் மின் ஆய்வாளர் சொல்ல வேண்டும். லண்டனின் 1859 கேஸ் சட்டத்தில் பார்த்தோமே, அதே மூன்றாவது ஆள்!

'சரி' என்றால் எவ்வளவு சரி? 1956-ல் வந்த விதிகள் அதற்கும் பதில் சொல்லின. தனியாகத் தர நிர்ணயம் இல்லாத மீட்டராக இருந்தால், முழுச் சுமையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஓடும்போது, 3 சதவிகிதத்துக்குள் பிசகினால் சரியான மீட்டர்தான். ஆக, 300 யூனிட் செலவழித்து 309 என்று காட்டினாலும் சட்டப்படி அந்த மீட்டர் யோக்கியன்!

இப்போது வீடுகளில் பரவலாக இருப்பது எலெக்ட்ரானிக் மீட்டர். தகடு இல்லை. சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டும். 1 சதவிகிதத் துல்லிய வகைதான் வீடுகளில் வழக்கம். இது மாட்டப்பட்ட ஊர்களில் எல்லாம் ஒரே புகார்தான்: "புது மீட்டர் வந்ததிலிருந்து பில் ஏறிப்போச்சு!"

கொஞ்சம் முன்னால் சொன்ன ரகசியம் இங்கேதான் உதவுகிறது. பழைய தகடு கிழடு தட்டிப்போய் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கும். அது கவனிக்காமல் விட்ட சில்லறைச் செலவுகளைப் புதியது விடாமல் எண்ணும். டி.வி-யின் செட்டாப் பாக்ஸ் 10 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டி.வி. பார்க்காவிட்டாலும் அது விழித்திருந்தால், 60 நாளில் 14 யூனிட்டுக்கு மேல் தின்றுவிடும். இதோடு கட்டண விகிதமும் சேர்ந்துகொள்கிறது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் இருக்கும் சில யூனிட்களுக்கும் விலை ஏறியது. பத்து யூனிட் கூடினால் பத்து யூனிட்டுக்கான காசுதான் கூடும் என்று நினைப்பவருக்கு பில் பகீர் என்றுதான் இருக்கும். பழி மட்டும் மீட்டருக்கு.

கலிஃபோர்னியாவில் 2009-ல் இப்படி ஒரு கலவரமே நடந்தது. பேக்கர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில், ஸ்மார்ட் மீட்டர் மாட்டியதும் பில் எகிறியது என்று மக்கள் கொதித்தார்கள். அரசு ஆணையம், வெளியாளை வைத்து 750-க்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்களைச் சோதித்தது. 2010-ல் அறிக்கை வந்தது: மீட்டர்கள் சரி. அந்தக் கோடையில் வெயில் கொளுத்தியது, ஏ.சி. கூடுதலாக ஓடியது, கட்டணமும் ஏறியிருந்தது. கூடவே கம்பெனிக்கும் ஒரு குட்டு: "ஜனங்க புகார் சொன்னப்ப நீங்க ஒழுங்கா பதில் சொல்லலை!"

'அப்படியென்றால் மீட்டர் எப்போதும் உத்தமன்தானா?' என்று கேட்டால்... பொறுங்கள். 2017-ல் நெதர்லாந்திலிருந்து வந்தது ஒரு குண்டு. ட்வென்டே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஃப்ராங்க் லெஃபரிங்கும் அவரது குழுவினரும் ஒன்பது எலெக்ட்ரானிக் மீட்டர்களை ஆய்வகத்தில் வைத்து, டிம்மரோடு இணைந்த எல்.இ.டி. விளக்குகள், குண்டு குண்டான சி.எஃப்.எல். பல்புகள் போன்றவற்றை எரியவிட்டார்கள். ஐந்து மீட்டர்கள் அநியாயத்துக்குக் கூடுதலாகக் காட்டின. உச்சபட்சமாக, உண்மையைவிட 582 சதவிகிதம் அதிகம்! சில மீட்டர்கள் 30 சதவிகிதம் வரை குறைத்தும் காட்டின.

வேடிக்கை என்னவென்றால், அந்த மீட்டர்கள் எல்லாமே சட்டப்படி 'பாஸ்' ஆனவை. ஏன்? பரீட்சை வைத்தவர்கள் அழகான, சீரான அலை வடிவ மின்சாரத்தில்தான் சோதித்தார்கள். டிம்மரும் எல்.இ.டி-யும் மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி இழுக்கும். அதைச் சில சென்சார்கள் தப்பாகப் புரிந்துகொண்டன. இது ஆய்வகத்தில் வேண்டுமென்றே உருவாக்கிய கடுமையான சூழ்நிலை. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று அர்த்தமில்லை. ஆனால், முத்திரை குத்தின தராசையும் காலத்துக்குக் காலம் புது விதமாகச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது நிரூபணமானது.

*

சரி, உங்கள் வீட்டு மீட்டருக்கு வருவோம். மார்கன் பரீட்சையை நீங்களும் வைக்கலாம். சீலைத் தொடாமலேயே!

முதல் வேலை, அது உங்கள் மீட்டர்தானா? சிரிக்காதீர்கள். அபார்ட்மென்ட்களில் வரிசையாக இருபது மீட்டர் இருக்கும். உங்கள் மெயின் ஸ்விட்ச்சை அணைத்தால் எந்த மீட்டர் தூங்குகிறது என்று பாருங்கள். அதன் எண்ணும் பில்லில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மெயினை அணைத்த பிறகும் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், மீட்டரில் கோளாறு, அல்லது மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே யாரோ கை வைத்திருக்கிறார்கள். இரண்டுக்குமே ஈ.பி-க்குத்தான் போக வேண்டும். மெயினைப் போட்டுவிட்டு, வீட்டு ஸ்விட்ச்களை எல்லாம் அணைத்த பிறகு சிமிட்டினால், ஏதோ ஒன்று ரகசியமாக ஓடுகிறது. இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ், மாடியில் போர் மோட்டார்... ஒவ்வொன்றாகத் தேடுங்கள். மார்கன் ஆபீஸின் ராத்திரி விளக்கு அதுதான். மீட்டரில் 'இ.எல்.' என்று போட்ட சின்ன விளக்கு எரிந்தால், எங்கோ கசிவு இருக்கலாம், அல்லது உங்கள் நியூட்ரல் ஒயர் பக்கத்துப் போர்ஷனோடு கலந்திருக்கலாம். நல்ல எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது, வேகம். மீட்டர் முகத்தில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, 1,000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை மட்டும் பக்கெட் தண்ணீரில் போடுங்கள் (முதலில் தண்ணீர், பிறகு ஸ்விட்ச், எக்காரணம் கொண்டும் ஓடும்போது கை வைக்கக் கூடாது). அயர்ன் பாக்ஸும் கீஸரும் வேண்டாம், சூடேறியதும் தானாகவே அணைந்து கணக்கைக் குழப்பும். இப்போது 160 சிமிட்டல் எண்ணுங்கள். சரியாக 3 நிமிடம் ஆக வேண்டும். பழைய தகடு மீட்டர், ஒரு யூனிட்டுக்கு 600 சுற்று வகை என்றால், நிமிடத்துக்கு 10 சுற்று.

ஒரு விஷயம். ராடில் போட்டிருக்கும் 1,000 வாட் என்பது 230 வோல்ட்டுக்கு. உங்கள் தெருவில் 207 வோல்ட்தான் வருகிறது என்றால் அது 810 வாட்தான் எடுக்கும். அப்போது 160 சிமிட்டலுக்கு 3 நிமிடம் 42 விநாடி ஆகும். மீட்டர் மெதுவாக ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள்! பல எலெக்ட்ரானிக் மீட்டர்களின் திரையிலேயே வோல்டேஜ் மாறி மாறி வரும், குறித்துக்கொள்ளுங்கள். ராடின் வாட் கணக்கே கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்பதால், இந்தப் பரீட்சையில் இரண்டு மூன்று சதவிகிதத் தப்பைப் பிடிக்க முடியாது. ஒன்றுக்கு ஒன்றரையாக ஓடினால் கட்டாயம் மாட்டிக்கொள்ளும். நம் பயமும் அதுதானே?

அப்படி மாட்டினால் சும்மா விடாதீர்கள். மின் நுகர்வோர் உரிமைகள் குறித்து மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த விதிகள், புகார் வந்த 30 நாளுக்குள் மீட்டரைச் சோதிக்க வேண்டும் என்கின்றன. 2024-ல் செய்த திருத்தம் இன்னும் சுவாரஸ்யம். 'நான் செலவழித்ததற்கும் ரீடிங்குக்கும் சம்பந்தமில்லை' என்று புகார் கொடுத்தால், ஐந்து நாளுக்குள் இன்னொரு மீட்டரைப் பக்கத்தில் மாட்டி, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஓடவிட்டு ஒப்பிட வேண்டும்.

மூன்று மாதம்! மார்கனும் எடிசனும் முட்டி மோதி முடிவுக்கு வந்ததும் மூன்றாவது மாதத்தில்தான். புகாரை எழுத்தில் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், இரண்டு மீட்டர் ரீடிங்கையும் தேதி போட்டு நீங்களும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அப்படிக் குறிக்கும்போது, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு நடுக்கூடத்தில் கம்ப்யூட்டர் போட்டுக்கொண்டு உட்காரும் உங்கள் பையனிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.